பிசிக்ஸுக்கு மாறினால் 80,000 ரூபாய் கிடைக்குமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

தமிழ்நாட்டில் அரசுக் கலந்தாய்வு வழியாக ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இந்த ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பிரிவில் சேர்ந்திருக்கும் மாணவி எழுதியிருக்கிறார். முதல் பருவம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. ஊர், கல்லூரி விவரங்களை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். அப்பா பெயிண்டர், அம்மா வீட்டிலேயே தையல் வேலை. மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. வருமானச் சான்றிதழில் ஆண்டுக்கு 96,000 ரூபாய். எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் தனியார் பள்ளி. எட்டு முடிந்ததும் முழுக் கட்டணம் கேட்டதால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி.

"தனியார் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளி மாணவிகளுக்கான எதுவும் எனக்குக் கிடையாது" என்கிறார். முதல் பட்டதாரி சான்றிதழ் கொடுத்தும் பணம் இன்னும் அக்கவுண்டில் ஏறவில்லை. கல்லூரி முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்கிறது. அசல் மதிப்பெண் பட்டியலையும் வாங்கி வைத்திருக்கிறது. 3 லட்சம் கடன் கேட்டுப் போன அப்பாவிடம் வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்வார், திரும்பி வந்துவிட்டார். கிடைக்கிற உதவித்தொகை எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துவிடு என்கிறார்கள் சீனியர்கள். இதற்கு நடுவில் ஒரு யோசனை: "பேசாமல் இதை விட்டுவிட்டு அடுத்த வருடம் பி.எஸ்சி. பிசிக்ஸ் சேர்ந்துவிடட்டுமா? எனக்கு பிசிக்ஸ்தான் பிடிக்கும். இன்ஸ்பயரில் வருடம் 80,000 தருகிறார்களாமே."

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் காகித வேலை, முயன்றால் சரியாகிவிடும். இதில் அவசரப்பட்டால் ஒரு வருடம் போய்விடும்.

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய்தான். அதில் 60,000 மாணவர் கைக்கு வரும். 20,000 கோடைகால ஆய்வுப் பணிக்கு. பொறியியலுக்குக் கிடையாது, இயற்பியல், வேதியியல், கணிதம் போன்ற அடிப்படை அறிவியல் படிப்புகளுக்கு மட்டும். ஆனால் பிசிக்ஸ் சேர்ந்தாலே கிடைத்துவிடாது. பிளஸ் டூ தேர்வில் உங்கள் வாரியத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும், அல்லது ஜே.இ.இ., நீட் போன்ற தேர்வுகளில் குறிப்பிட்ட தரவரிசை இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தந்த ஆண்டு பிளஸ் டூ முடித்து அதே ஆண்டு முதலாமாண்டு சேர்ந்தவர்களிடம்தான் விண்ணப்பம் வாங்குகிறார்கள். ஒரு வருடம் பொறியியலில் இருந்துவிட்டு அடுத்த வருடம் பிசிக்ஸுக்குப் போகும்போது அந்தக் கதவு மூடியிருக்கும்.

அதனால் 80,000 ரூபாயைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு யோசியுங்கள். அதற்குப் பிறகும் பிசிக்ஸ்தான் வேண்டும் என்று தோன்றினால் போகலாம், அதில் தவறே இல்லை. அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணச் சுமையும் குறைவு. பணத்துக்காக மாறுவதாக இருந்தால் வேண்டாம். உங்கள் கடிதத்தில் பிசிக்ஸ் பிடிக்கும் என்பது ஒரே ஒரு வரி. மற்ற மூன்று பக்கமும் பணம்தான். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. பி.இ. படித்தவர்களுக்கு அறிவியல் பக்கம் வழி அடைபட்டுவிடுவதில்லை. இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்தில் பொறியியல் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் உதவித்தொகையோடு இருக்கலாம். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம், பாடமாக இயற்பியலைக்கூட எடுக்கலாம். கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். ஆராய்ச்சிக்குப் போனால் இளநிலை ஆராய்ச்சியாளருக்கான ஜே.ஆர்.எஃப். தொகை 2023 முதல் மாதம் 37,000. செமிகண்டக்டர், ஆன்டெனா, சிக்னல் என்று உங்கள் பிரிவிலேயே பாதி பிசிக்ஸ்தான். முதல் பருவத்தில் அது தெரியாது.

முதல் பட்டதாரி பணம் உங்கள் அக்கவுண்டுக்கு வராது

உதவி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை உண்டு. கட்டணத்திலேயே கழிவது ஒன்று, கைக்கு வருவது ஒன்று, பின்னால் திருப்பிக் கட்ட வேண்டியது ஒன்று. முதல் பட்டதாரி சலுகை முதல் வகை. அரசு அந்தத் தொகையைக் கல்லூரிக்குக் கொடுக்கும், கல்லூரி உங்கள் கல்விக் கட்டணத்தில் கழிக்க வேண்டும். அக்கவுண்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் காலத்திலும் வராது.

இதற்கு வருமான வரம்பு கிடையாது, சாதியும் பார்ப்பதில்லை. ஆனால் அரசுக் கலந்தாய்வில் வந்தவர்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை. வீட்டில் ஒருவருக்குத்தான். உங்களுக்குத் தம்பி இருந்தால் அவனுக்கு இது கிடைக்காது என்பதை இப்போதே அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

உங்கள் ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துப் பாருங்கள். அதில் முதல் பட்டதாரி என்று பதிவாகியிருந்தால், "முழுசாகக் கட்டுங்கள், அரசிடமிருந்து வந்ததும் தருகிறோம்" என்று கல்லூரி சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சண்டைக்குப் போக வேண்டாம். கட்டண விவரத்தைத் தலைப்பு வாரியாக எழுத்தில் கேளுங்கள்: கல்விக் கட்டணம் எவ்வளவு, மேம்பாட்டுக் கட்டணம் எவ்வளவு, பேருந்து எவ்வளவு. சுயநிதித் தொழிற்கல்லூரிகளின் கட்டணத்தை நிர்ணயிக்க மாநில அரசின் குழு இருக்கிறது. அது நிர்ணயித்ததற்கு மேல் வாங்கக் கூடாது. ஒரு தாளில் எழுதிக் கேட்டாலே பல கல்லூரிகளில் கணக்குப் பிரிவின் குரல் மாறிவிடும். மாறவில்லை என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் கட்டண நிர்ணயக் குழுவுக்கும் எழுதலாம், முதல்வரின் உதவி மையம் 1100-லும் பதியலாம். எதைக் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். பணமாகக் கட்டிவிட்டு டைரியில் கையெழுத்து வாங்கி வருவதெல்லாம் பின்னால் எதற்கும் உதவாது.

அசல் சான்றிதழ் விஷயத்தில் விதி தெளிவு. சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும், கட்டண பாக்கிக்குப் பிணையாக வைத்திருக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யும், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சொல்லியிருக்கின்றன. "உதவித்தொகை விண்ணப்பத்துக்கும் வங்கிக் கடனுக்கும் அசல் தேவை, தயவுசெய்து தரவும்" என்று முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அது உண்மையான காரணமும்கூட. கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளிச் சலுகை உங்களுக்கு உண்டு

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த இடம் இது. பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இல் சட்டமானது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த நிபந்தனை. பலருக்குத் தெரியாதது, கல்வி உரிமைச் சட்ட இடத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களையும் இது சேர்த்துக்கொள்கிறது. அதாவது உங்களை.

அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. நீங்கள் விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிடாமல் விட்டதால் இந்த ஆண்டு கைநழுவிவிட்டது. கலந்தாய்வு முடிந்தபின் ஏற்கெனவே வாங்கிய இடத்தை அந்த ஒதுக்கீட்டுக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன். வருத்தமாகத்தான் இருக்கும். இதைப் படிக்கும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெற்றோர் யாராவது இருந்தால், எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்ட (ஆர்.டி.இ.) இடத்தில் படித்ததற்கான சான்றை அந்தப் பள்ளியிலிருந்து இப்போதே வாங்கி வையுங்கள்.

ஆனால் புதுமைப்பெண் திட்டம் உங்களுக்கு இன்னும் திறந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கிய திட்டம். மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும்வரை. அங்கேயும் இதே ஆர்.டி.இ. விதி உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைத் தடுப்பதில்லை. நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். நோட்டு, ரெக்கார்டு, தேர்வுக் கட்டணம் போன்ற சில்லறைச் செலவுக்குக் கை நீட்டாமல் இருக்கலாம். கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பாளர் இருப்பார். அரசின் மாணவர் பதிவில் உங்களுக்குள்ள பள்ளி எமிஸ் எண்ணோடும், கல்லூரிக்கான யூமிஸ் எண்ணோடும் போய்ப் பாருங்கள். "தனியார் பள்ளியா, அப்போ வராது" என்று அவர் முதல் வார்த்தையிலேயே சொல்லக்கூடும். ஆர்.டி.இ. சான்றை முன்னால் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கலாமா

சீனியர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் இந்த ஆலோசனை ஆபத்தானது. சில உதவிகள் ஒன்றோடொன்று சேரும், சில சேராது. சேராத இரண்டை வாங்கிவிட்டால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், புதுப்பித்தலும் நின்றுவிடும்.

உங்களுக்கு மிகப் பெரிய தொகை ஏ.ஐ.சி.டி.இ.யின் பிராகதி. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அதுவும் நேரடியாக உங்கள் அக்கவுண்டுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். முதலாமாண்டில், அல்லது நேரடி இரண்டாமாண்டில் சேரும்போது மட்டும்தான் புதிதாக விண்ணப்பிக்க முடியும். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போயே போய்விடும். ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

பிளஸ் டூ மதிப்பெண்ணில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகை ஒன்றும் இருக்கிறது. வருமான வரம்பு 4.5 லட்சம். இளநிலையில் ஆண்டுக்கு 12,000. நான்காண்டுப் பொறியியலில் கடைசி ஆண்டுக்கு 20,000. இதன் விதியில் ஒரு முள் இருக்கிறது. வேறு உதவித்தொகை மட்டுமல்ல, மாநில அரசின் கட்டண விலக்கு பெறுபவர்களும் இதைப் பெற முடியாது. முதல் பட்டதாரி சலுகையை விட்டுக்கொடுத்து இதை வாங்குவதில் அர்த்தமில்லை. விட்டுவிடுங்கள்.

பிராகதியிலும் வேறு அரசு உதவித்தொகை பெறக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. விண்ணப்பத்தில் முதல் பட்டதாரி சலுகையையும் புதுமைப்பெண்ணையும் மறைக்காமல் சொல்லுங்கள். இவற்றோடு சேர்த்துப் பெறலாமா என்று கல்லூரியின் உதவித்தொகைப் பொறுப்பாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் உதவித்தொகைக்கு வருமான வரம்பு 2.5 லட்சம், நீங்கள் தகுதி உள்ளவர்தான். ஆனால் கல்லூரி அதற்கும் உங்கள் பெயரை யூமிஸில் ஏற்றினால் பிராகதியோடு மோதும். எது பெரிய தொகை என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிராகதிக்குத் தேர்வு மதிப்பெண் வரிசைப்படிதான் நடக்கிறது, எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அது வராவிட்டால் நலத்துறை உதவித்தொகைக்கு வழி இருக்கும்படி அதன் கடைசித் தேதியையும் குறித்து வையுங்கள்.

பெயரும் அக்கவுண்டும்

தகுதி இருந்தும் பணம் வராமல் போவதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், ஆதாரில் முன்னால், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலுக்குப் பதில் அப்பாவின் முழுப்பெயர். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். மதிப்பெண் பட்டியலில் இருப்பதுபோல ஆதாரை மாற்றிவிட்டு, பிறகு வங்கியில் மாற்றுங்கள். இந்த வரிசையில் செய்தால் அலைச்சல் குறையும்.

அடுத்து, அக்கவுண்டில் ஆதாரை இணைத்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக அந்த அக்கவுண்ட் என்.பி.சி.ஐ. (தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம்) பட்டியலில் பதிவாகியிருப்பது வேறு. கடைசியாக எந்த அக்கவுண்டைப் பதிந்தீர்களோ அங்கேதான் பணம் போகும். சிம் கார்டு வாங்கும்போது கடைக்காரர் திறந்து கொடுத்த பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கில் பணம் கிடந்ததும், அந்தப் பெண் ஒரு வருடமாகத் தாலுகா அலுவலகத்துக்கு நடந்ததும் எனக்குத் தெரியும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று காட்டிவிடும். பள்ளியில் படிக்கும்போது திறந்த அக்கவுண்ட் என்றால் உயிரோடு இருக்கிறதா என்று 100 ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள்.

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. "வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று யார் போன் செய்தாலும் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

அப்பாவும் வங்கியும்

இந்தப் பகுதியை அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. நீங்கள் கேட்டது 3 லட்சம். பத்திரம் கேட்டது தவறு. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். "உங்கள் ஏரியா எங்கள் கிளைக்கு வராது" என்றும் திருப்பி அனுப்பக் கூடாது.

நேரில் கேட்டுத் திரும்பினால் விண்ணப்பித்ததற்கே சாட்சி இல்லை. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளம் வழியாகப் பதியுங்கள், எண் கிடைக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியிடமே புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.

வட்டியைப் பற்றி அப்பாவுக்குப் பயம் இருக்கும், நியாயம்தான். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் ஆகும் வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் இருக்கிறது. கல்லூரி நாக் அங்கீகாரமோ, உங்கள் பாடப்பிரிவு என்.பி.ஏ. அங்கீகாரமோ (இரண்டும் தர மதிப்பீட்டு அமைப்புகள்) பெற்றிருக்க வேண்டும். அதை முதலில் பாருங்கள். கடன் வாங்கும்போதே வருமானச் சான்றிதழைக் கொடுத்து, இந்த வட்டி மானியத்தில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் கிளையில் விட்டுப்போவது சாதாரணம். படிப்பைப் பாதியில் நிறுத்தினால், உடல்நலக் காரணம் தவிர, இந்த மானியம் போய்விடும். அதனால் பிசிக்ஸ் முடிவைக் கடனுக்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு வாங்குவது? வங்கி தருகிறது என்று மொத்தமும் வேண்டாம். முதல் பட்டதாரி கழிவு போக மீதியை எழுதுங்கள், புதுமைப்பெண் தொகையைக் கழியுங்கள். பிராகதியை மட்டும் கழிக்காதீர்கள், கையில் வரும்வரை அது கணக்கில் இல்லை. கடனை மொத்தமாக அனுமதி வாங்கிவிட்டு ஆண்டுக்கு ஆண்டு தேவையானதை மட்டும் எடுக்கலாம். பிராகதி வந்துவிட்டால் அந்த ஆண்டுக்கான பகுதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கட்ட 15 ஆண்டு வரை அவகாசம் உண்டு. வாரவட்டிக்கு வாங்கி முதல் தவணையைக் கட்டலாம் என்று கடித ஓரத்தில் எழுதியிருந்தீர்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். கல்லூரியிடம் ஒரு மாத அவகாசம் எழுதிக் கேட்பது அதைவிட மேல்.

பேருந்துக் கட்டணம் எந்த உதவித்தொகையிலும் தனியாகக் கழியாது. ஆனால் கல்லூரிப் பேருந்து கட்டாயம் என்றால் அந்த விதியை எழுத்தில் கேளுங்கள். உங்கள் வழியில் அரசு நகரப் பேருந்து வருமென்றால் சாதாரணக் கட்டண வண்டியில் பெண்களுக்குப் பயணம் இலவசம்; காலை முதல் வகுப்புக்கு நேரம் ஒத்துவருமா என்று ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.